துப்பாக்கி இல்லாத பரண்

மான் பசியோடு வருகிறது, நாம் கொடுக்கிறோம், அது தின்கிறது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்? திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைத் தாண்டிக் கிரிவலம் போகிறவர்களில் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி இது. பதில் எதிர்பார்த்துக் கேட்பதில்லை. பதில் சொன்னவனைக் கல்நெஞ்சக்காரன் என்பார்கள். அந்தப் பட்டத்தை வாங்கிக்கொண்டே சொல்கிறேன்: நஷ்டம் மானுக்கு.

எதிர்த்தரப்பின் வாதத்தை நீர்க்க வைத்துவிட்டுப் பதில் சொல்வது நேர்மையாகாது. அதனால் அதை முழுப் பலத்தோடே எடுத்துவைக்கிறேன். அருணாசல மலை ஒரு காலத்தில் மொட்டையாகக் கிடந்தது. இன்றும் அது அடர்காடு அல்ல. ஊர் நாலாபுறமும் நெருக்குகிறது. கோடையில் சுனைகள் வற்றுகின்றன. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுக மனிதருக்கு அன்னதானம் நடக்கும் ஊரில், வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் வாயில்லா ஜீவன் மட்டும் பட்டினி கிடக்க வேண்டுமா? பகவான் ரமணர் பசுவுக்கும் குரங்குக்கும் அணிலுக்கும் தன் கையால் கொடுத்தவர் ஆயிற்றே. போதாக்குறைக்கு, மானைத் தேடி நாம் காட்டுக்குள் போகவில்லை, அதுவாகத்தான் வருகிறது. ஒரு சீப்பு வாழைப்பழத்தில் என்ன குடி முழுகிவிடும்?

இரக்கம் இதில் வரிக்கு வரி இருக்கிறது. குறைவது கணக்குதான்.

1. மான் வருவது பசிக்குச் சாட்சி அல்ல.

இந்த உண்மையைப் புண்ணியம் தேடுகிறவர்களுக்கு முன்பே வேட்டைக்காரர்கள் தெரிந்துவைத்திருந்தார்கள். காடு காய்ந்து கிடக்கும் மாதத்தில் மானை வரவழைக்கத் தந்திரம் எதுவும் வேண்டாம். தண்ணீர் இருக்கும் இடத்தில் பரண் கட்டி உட்கார்ந்தால் போதும், தானாக வரும். வேட்டைக்காரனுக்குச் சிக்கலான காலம் மழை பெய்து புல் தழைத்த காலம்தான். திரும்பின பக்கமெல்லாம் தீனி இருக்கும்போது, மான் அவனுடைய பரணுக்குக் கீழே வந்து நிற்க என்ன தலையெழுத்து? அதனால் அவன் காட்டில் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து வைப்பான். பெரும்பாலும் உப்பு, இல்லாவிட்டால் இனிப்பு. அமெரிக்க வேட்டைக்காரர்களின் புலம்பலும் இதேதான். ஓக் மரத்துக் கொட்டைகள் உதிரும் பருவத்தில், கொட்டிவைத்த மக்காச்சோளத்தை மான் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்பார்கள். புலம்பிவிட்டு, உப்புக்கட்டியும் வெல்லப்பாகு கலந்த சரக்கும் வாங்கக் கடைக்குப் போவார்கள்.

ஆக, வயிறு நிறைந்த மானையும் நாக்கைப் பிடித்து இழுக்க முடியும். கல்யாணப் பந்தியில் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டுப் பீடா மேசை முன்னால் நிற்பவரைப் பார்த்து, பாவம், பட்டினி போலிருக்கிறது என்று யாராவது சொல்வோமா?

இப்போது பஞ்சாங்கத்தை எடுங்கள். கிரிவலப் பாதையில் கூட்டம் உச்சத்தைத் தொடுவது கார்த்திகை தீபத்துக்கு. அது வடகிழக்குப் பருவமழை ஐப்பசி முழுக்கப் பெய்து, மலை அடியிலிருந்து உச்சி வரை பச்சைப் பசேல் என்று நிற்கும் நேரம். புல் இளசாக இருக்கும். உசிலை தழைத்திருக்கும். இலந்தை காய் பிடித்திருக்கும். புள்ளிமானுக்கு ஆண்டின் விருந்துக் காலம் அதுதான். நம் அன்பு மிக அதிகமாகப் பொங்கும் மாதமும், அது மானுக்கு மிகக் குறைவாகத் தேவைப்படும் மாதமும் ஒன்றாகவே இருக்கின்றன. சித்ரா பௌர்ணமிக்கும் கூட்டம் வருகிறதே என்பீர்கள். வருகிறது. அப்போது மலையில் தட்டுப்பாடு தண்ணீருக்கு. அதற்குக் காட்டுக்குள்ளே தொட்டி கட்டித் தண்ணீர் நிரப்ப வேண்டும்; சாலையோரத்தில் வாழைப்பழம் நீட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை.

2. குறித்த இடத்துக்குக் குறித்த நேரத்தில் விலங்கை வரவைப்பதற்குப் பெயர் பரண் கட்டுவது.

பரண் என்ற சொல்லுக்கு நம்மிடம் இரண்டு வாழ்க்கை உண்டு. தினைப்புனத்தில் வள்ளி ஏறி நின்ற பரண், தினையைத் தின்ன வருவதை விரட்டுவதற்கு. வேட்டைக்காரனின் பரண் வருவதைப் பிடிப்பதற்கு. (மான் வயிற்றில் பிறந்தவளாகக் கதை சொல்லும் பெண்ணையே புனத்துக்குக் காவல் வைத்ததில் ஒரு குறும்பு இருக்கிறது, அது வேறு பேச்சு.) கிரிவலப் பாதையின் வேலியோரம் இந்த இரண்டாவது வகை. துப்பாக்கி மட்டும் இல்லை.

மிகையாகப் பேசுகிறேன் என்று தோன்றினால் சட்டத்தைப் பாருங்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 2ஆம் பிரிவில், வேட்டை என்றால் என்ன என்று விளக்குகிறது. கொல்வது, நஞ்சு வைப்பது, பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது என்று அடுக்கிக்கொண்டே வந்து, இரை காட்டி இழுப்பதையும் அதே பட்டியலில் சேர்க்கிறது. சுட்டால்தான் வேட்டை என்று சட்டம் சொல்லவில்லை. பேரனோடு வந்து பழம் கொடுக்கும் பாட்டியைப் பிடித்து உள்ளே போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் மனதில் கொலை இல்லை. ஆனால் சட்டம் எழுதியவர்களுக்கு ஒன்று தெரிந்திருந்தது. விலங்கை அதன் இடத்திலிருந்து பெயர்த்து நம் வசதிக்கு நிற்கவைத்த கணத்திலேயே பாதி வேட்டை முடிந்துவிடுகிறது. மீதிப் பாதியை யார் வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம்.

3. அந்த மீதிப் பாதியை முடிப்பது நாய்.

போன மார்கழியில் ஒரு காலை. செங்கம் சாலையை விட்டுக் கிரிவலப் பாதை வலப்பக்கம் திரும்பிய பிறகு, ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கார் ஒன்று வந்து நின்றது. ஓர் அம்மா, கூடவே ஆறேழு வயதுப் பையன், பாலித்தீன் பையில் வாழைப்பழம். வேலிக் கம்பி இடைவெளியில் பழத்தை நீட்டினார்கள். உள்ளேயிருந்து பெட்டைமான் ஒன்று, இடது காது நுனி கிழிந்தது, நாலடி வந்து நின்றது. முன்னங்காலைத் தூக்கித் தரையில் ‘டக்’ என்று ஒரு தட்டு. மறுபடி ஒரு தட்டு. “பாருடா கண்ணா, டான்ஸ் ஆடுது” என்றார் அம்மா.

புள்ளிமான் அப்படிக் காலைத் தட்டினால் அபாயம் என்று பொருள். தன் கூட்டத்துக்கு அது கொடுக்கும் எச்சரிக்கை அது. அந்தப் பெட்டை ஒரே மூச்சில் பயந்துகொண்டும் இருந்தது, வாழைப்பழத்துக்காக நின்றுகொண்டும் இருந்தது. இரை என்பது செய்யும் வேலை இதுதான். பயத்தைப் போக்குவதில்லை, பயந்தபடியே நிற்கவைக்கிறது.

பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்த செவலை நாய் தலையைத் தூக்கியது. கடைக்காரர் கிளாசைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “டெய்லி இதே டைம்தான் சார். அதுவும் வரும், இதுவும் வரும்.”

இந்த ஒரு வரியில் எல்லாம் அடங்கிவிட்டது. காட்டுக்குள் மானுக்கு மூக்கு இருக்கிறது, காது இருக்கிறது, மறையப் புதர் இருக்கிறது. எந்த நேரத்தில் எங்கே மேயும் என்று எவனாலும் சொல்ல முடியாது. அதன் உயிர்க் காப்பே அதுதான். அதை நாம் பிடுங்கிவிட்டோம். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், எதிரே திறந்த சாலை. வேலி தாண்டி வந்துவிட்ட மானைத் துரத்தினால் குளம்பு தாரில் வழுக்கும், பின்னால் முள்வேலி, குறுக்கே பேருந்து. மானுக்குச் சாகக் கடிகூட வேண்டியதில்லை. துரத்தப்பட்ட அதிர்ச்சியிலும் ஓட்டத்திலும் தசை சிதைந்து, உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் சில மணி நேரம் கழித்து விழுந்து செத்துவிடும். நாய்கள் கடித்து மான் பலி என்ற செய்தி இந்த ஊர்ப் பத்திரிகைப் பக்கத்துக்குப் புதிதல்ல. படிப்பவர்கள் நாயைத் திட்டுவார்கள். மான் அங்கே எதற்காக வந்தது என்று கேட்பவரைக் காணோம்.

நாயும் அங்கே சும்மா வந்துவிடவில்லை. அன்னதானத்துக்கு முன் அனுமதி, குறிப்பிட்ட இடம் என்று தீபத்தின்போது நிர்வாகம் கட்டுப்பாடு வைப்பது சரிதான். ஆனால் பந்தி முடிந்த பிறகு பாதையோரம் கிடக்கும் தொன்னையும் பாக்குமட்டைத் தட்டும் மிச்சச் சோறும் யார் கணக்கில் எழுதுவது? அந்தச் சோற்றில்தான் நாய்க் கூட்டம் பெருகுகிறது. சோற்றைப் போட்டு நாயை வளர்த்து, பழத்தைக் காட்டி மானை அதன் எதிரில் நிறுத்திவிட்டு, இரண்டுக்கும் சேர்த்துப் புண்ணியக் கணக்கு எழுதிக்கொள்கிறோம்.

4. மான் வயிறு நம் வயிறு அல்ல.

கிராமத்தில் வளர்ந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். பொங்கலன்று அவிழ்த்துவிட்ட மாடு பானையில் வாய் வைத்து அரிசிச் சோற்றை வயிறு முட்டத் தின்றால் என்ன ஆகும் என்று பார்த்திருப்பார்கள்: வயிறு உப்பும், அசைபோடாது, மருத்துவர் வருவதற்குள் கால் நீட்டும். மானும் அசைபோடும் ஜாதிதான். அதன் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் புல்லையும் தழையையும் மெதுவாகப் புளிக்கவைக்கப் பழகியவை. திடீரென்று பிஸ்கட்டும் பிரெட்டும் சோறும் உள்ளே இறங்கினால் அமிலம் பொங்கிவிடும். கூடவே பிளாஸ்டிக். சென்னையில் கிண்டி காட்டிலிருந்து வெட்டி எடுத்த நிலத்தில் நிற்கும் ஐஐடி வளாகத்துப் புள்ளிமான்களை நினைத்துப் பாருங்கள். செத்த மானை அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் பிளாஸ்டிக் உருண்டை கிடந்த கதை அங்கே பழையது. அந்த வளாகத்திலும் மானைத் துரத்திய நாய்களைப் பற்றிய சண்டை நீதிமன்றம் வரை போனது. படித்தவர்கள் நிறைந்த, சுற்றுச்சுவர் உள்ள இடத்துக்கே அந்தக் கதி.

நோயையும் சொல்லிவிடுகிறேன். பத்து மான்கள் ஒரே இடத்தில் வாய் வைத்தால் ஒன்றின் எச்சில் மற்றதுக்குப் போகும். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் 2002இல் மான்களிடையே மூளையை அரித்துக் கொல்லும் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. உடனே அரசு கைவைத்த விஷயங்களில் ஒன்று மானுக்குத் தீனி போடுவது. வேட்டைக்காக வைப்பதற்கும் பாசத்தில் வைப்பதற்கும் சேர்த்தே தடை விழுந்தது. இரண்டிலும் எச்சில் ஒன்றுதானே. அந்த நோய் இங்கே இல்லை. மாட்டுக்கும் மானுக்கும் பொதுவான கோமாரி இருக்கிறது, கிரிவலப் பாதையில் மாடும் இருக்கிறது.

5. கை பழக்கிய விலங்கு எந்தக் கையையும் நம்பும்.

நீலகிரியில் மசினகுடிக்குப் பக்கத்தில் வாழைத்தோட்டம் என்ற ஊர். அங்கே ரிவால்டோ என்று பெயர் வைக்கப்பட்ட காட்டு யானை ஒன்று வீடுகளைச் சுற்றித் திரிந்தது. தும்பிக்கை நுனியில் காயம்பட்ட யானை. பாவம் என்று பழம் கொடுத்துப் பழக்கினார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. கடைசியில் 2021 மே மாதத்தில் அதைப் பிடித்து மரக்கூண்டில் அடைக்க வேண்டி வந்தது. ஆகஸ்ட்டில் ரேடியோ பட்டை கட்டிக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். விட்ட கையோடு பழைய இடத்தைப் பார்த்துத் திரும்ப நடந்துவிட்டது. பிறகு வனத்துறை ஆட்கள் பின்னாலேயே நின்று அதைக் காட்டுக்குத் திருப்பப் படாத பாடு பட்டார்கள். அந்த யானைக்குப் பழத்தைக் கொடுக்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அதை மறக்கடிக்க ஓர் அரசாங்கமே தேவைப்பட்டது.

யானைக்காவது ஆள் வந்தது. மானுக்கு வருவார்களா? அவுட்டுக்காய் என்று ஒன்று இருக்கிறது: பழத்துக்குள்ளோ மாவுருண்டைக்குள்ளோ வெடிமருந்து வைத்துப் பன்றிக்குப் போடுவது. கடித்தால் தாடை போய்விடும். கோவைப் பக்கம் யானைகளே அதில் செத்திருக்கின்றன. மனிதன் போட்ட பழத்தைக் கண்டால் ஒதுங்கிப் போகும் மான் பிழைக்கும். அந்தப் பழம் நல்லது என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பது யார்? நாம்தான், பௌர்ணமிக்குப் பௌர்ணமி.

குழந்தைகள் இப்படித்தானே விலங்குகளிடம் அன்பு கற்றுக்கொள்வார்கள் என்று ஒரு வாதம் உண்டு. அவர்கள் கற்பது, விலங்கு என்றால் அது நம் பக்கம் வரவேண்டும், வந்தால் படம் எடுக்க வேண்டும் என்பதை. தூரத்தில் நின்று பத்து நிமிடம் சும்மா பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். கஷ்டம், ஆனால் முடியும்.

6. மலைக்கும் நஷ்டம்.

இதைப் பலர் யோசித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். புள்ளிமான் தின்பதோடு நிற்பதில்லை, விதைக்கவும் செய்கிறது. முதுமலையில் ஆராய்ந்து பார்த்ததில், நெல்லிக்காயைத் தின்னும் மான், வேறொரு இடத்தில் நிழலில் படுத்து அசைபோடும்போது கொட்டையைத் துப்புகிறது; நெல்லி பரவுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்று தெரிந்தது. இலந்தையையும் அப்படியே துப்பும். அருணாசலத்தில் மரம் மீண்டும் வர வேண்டும் என்று பல வருடங்களாக ஆட்கள் நாற்றைச் சுமந்துகொண்டு மலையேறி, குழி தோண்டி, தீத்தடுப்புக் கோடு வெட்டி, தண்ணீர் ஊற்றிப் பாடுபடுகிறார்கள். கூலி வாங்காமல் அதே வேலையைச் செய்யும் விலங்கைக் கீழே வேலியோரம் வாழைப்பழத்துக்குக் காத்து நிற்க வைத்திருக்கிறோம். அங்கே அது துப்புவதற்குக் கொட்டை இல்லை. துப்பினாலும் முளைக்க மண் இல்லை, தார்தான்.

7. பகவான் கொடுத்தாரே?

இதுதான் பலமான வாதம், கடைசியில் எல்லாரும் வந்து நிற்கும் இடமும் இதுதான். ஆசிரமத்துக்குள் போனவர்கள் பார்த்திருப்பார்கள்: 1948 ஜூன் 18 அன்று இறந்த லட்சுமிப் பசுவின் சமாதி, அதற்குப் பக்கத்தில் ஒரு காகத்துக்கு, ஜாக்கி என்ற நாய்க்கு, வள்ளி என்ற மானுக்கு. மானும் நாயும் சண்டையில்லாமல் ஒரே வரிசையில் கிடக்கும் இடம் இந்த ஊரில் அது ஒன்றுதான்.

அந்த மான் யார்? ஆசிரமத்தில் வளர்ந்தது. பெயர் இருந்தது. அது வந்ததா, வரவில்லையா, தின்றதா, நொண்டுகிறதா என்று பார்க்க அங்கே ஆட்கள் இருந்தார்கள். செத்தபோது குழி தோண்டி அடக்கம் செய்து கல் எழுப்பினார்கள். ஒரு விலங்குக்குக் கையால் ஊட்டுகிறவர் ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு அவ்வளவு. காரை நிறுத்தி ஒரு பழம் நீட்டி, போனில் ஒரு படம் எடுத்து, வெயில் ஏறுவதற்குள் அடுத்த லிங்கத்துக்குப் போகிறவர் அதில் எதை ஏற்றுக்கொள்கிறார்? அந்த மான் இன்று ராத்திரி எங்கே படுக்கும் என்று அவருக்குத் தெரியுமா? பகவானைச் சாட்சிக்கு இழுப்பவர்கள் அவர் கொடுத்ததை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள், கூட இருந்ததை விட்டுவிடுகிறார்கள்.

கை அரிக்கிறது, கொடுத்தே ஆகவேண்டும் என்றால் அதே ஆசிரமத்தில் கோசாலை இருக்கிறது. மனிதன் கையால் தின்பதற்கென்றே வளர்க்கப்படும் மாடு அங்கே நிற்கிறது. என்ன கொடுக்கலாம் என்று கோசாலைக்காரரிடம் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். அதைச் சொன்னால் முகம் சுருங்குகிறது. மாடு என்ன, ஊரிலும் இருக்கிறது. மான்தான் விசேஷம் என்கிறார்கள். அப்படியானால் பேச்சு பசியைப் பற்றி இல்லை என்று ஆகிறது அல்லவா?

அன்றைக்கு அந்தக் கார் கிளம்பிப் போன பிறகும் காது கிழிந்த பெட்டை வேலியோரத்தை விட்டு நகரவில்லை. பையன் கைதவறி விட்டுப்போன பாலித்தீன் பை கம்பியில் மாட்டியிருந்தது. பழத்தின் ஈரம் அதில் இருந்திருக்க வேண்டும். கழுத்தை நீட்டி அதை நக்கிக்கொண்டிருந்தது. டீக்குக் காசு கொடுக்க எழுந்தபோதுதான் கவனித்தேன், பெஞ்சுக்கு அடியில் செவலையைக் காணோம்.